ஆனையிறவில் பிள்ளைகள் கேட்ட கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். முக்கியமாக எங்கள் பாடசாலைப் பெற்றோர்கள்.

சென்ற தவணை விடுமுறையில் தரம் 10, 11 பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். ஆறு ஆசிரியர்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு பஸ். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தோம். ஆனால் ஊருக்கு வந்து ஒரு கிழமை போகுமுன் இரண்டு விதமான பேச்சு எங்கள் காதுக்கு வந்தது. "இராணுவத்தின் நினைவுச் சின்னத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்று சிலர். "நம்மை விரட்டியவர்களின் மயானத்துக்கு ஏன் பிள்ளைகளைக் கொண்டு போனீர்கள்?" என்று வேறு சிலர். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். தேநீர்க் கடையில் நின்று பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

புத்தளத்திலிருந்து இரவு புறப்பட்டோம். வவுனியாவில் பள்ளிவாசலில் ஸுபஹ் தொழுதோம். அங்கிருந்து ஏ9 வீதி. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகள் வர வர, பஸ்ஸின் முன்பக்கத்தில் இருந்த நாங்கள் அமைதியாகிவிட்டோம். எங்கள் வயதுக்காரருக்கு இவை ஊர்ப் பெயர்கள் அல்ல, வானொலிச் செய்தியில் கேட்ட பெயர்கள். பின்பக்கத்தில் பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பது போல எங்கள் பஸ்ஸும் நின்றது. ஆளுக்கொரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம்.

கிளிநொச்சி நகரத்தில் ஒரு பெரிய கொங்கிரீட் கட்டி. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு எறிகணை. மேலே ஒரு தாமரை. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்ததன் நினைவாகக் கட்டியது. பிள்ளைகள் பஸ்ஸுக்குள் இருந்தே படம் எடுத்தார்கள். இறங்கவில்லை. பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக்குத்தான் இறங்கினோம்.

ஆனையிறவைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் களப்பு. நடுவே ஒரு ஒடுங்கிய நிலம். அதன் மேல் வீதியும் ரயில் பாதையும். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் கழுத்து அது. பழைய காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த வழியாகத்தான் குடாநாட்டுக்குக் கொண்டு போனார்கள். அதனால்தான் அந்தப் பெயர். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. உப்புக் காற்று. வெயில் தலையில் இறங்கும். இந்தக் கழுத்தைப் பிடித்தவன் கையில் குடாநாடு என்பதால்தான் இங்கே திரும்பத் திரும்பச் சண்டை நடந்தது.

1991 ஜூலையில் புலிகள் இந்த முகாமைச் சுற்றி வளைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் நடந்த சண்டை. சாதாரண புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்து, அதைக் கவச வாகனமாக்கி முகாமுக்குள் செலுத்தினார்கள். ஹசலகவைச் சேர்ந்த காமினி குலரத்ன என்ற இருபதுகளில் இருந்த ஒரு கோப்ரல், கையில் குண்டுகளோடு அதன் மேல் ஏறி அதைத் தடுத்தார். அவரும் அங்கேயே இறந்தார். இலங்கைப் படையின் மிக உயர்ந்த பதக்கமான பரம வீர விபூஷணத்தை முதலில் பெற்றவர் அவர். அந்தத் துருப்பிடித்த புல்டோசர் இன்றும் வீதியோரம் நிற்கிறது. கடல் வழியாக வெற்றிலைக்கேணியில் படை இறங்கி வந்து முற்றுகையை உடைத்தது.

பின்னர் 2000 ஏப்ரல் 22ஆம் திகதி முகாம் புலிகளிடம் விழுந்தது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீர். முகாமைச் சுற்றி எங்கு தோண்டினாலும் உப்பு. குடிதண்ணீர் வடக்கே இயக்கச்சிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்துதான் வர வேண்டும். இயக்கச்சி போனதும் ஆயிரக்கணக்கான படையினர் அந்த வெயிலில் தண்ணீரின்றி நின்றார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு மாணவி உடனே "பத்ரு மாதிரி ஸேர்" என்றாள். பத்ரில் ஹுபாப் (ரழி) சொன்ன யோசனைப்படி நபி (ஸல்) அவர்கள் முன்னே சென்று கிணறுகளைத் தம் பக்கம் ஆக்கிக்கொண்டதை அவள் நினைவில் வைத்திருந்தாள். பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும்.

2009 ஜனவரியில் இராணுவம் மீண்டும் ஆனையிறவைப் பிடித்தது. சற்றுத் தள்ளி அதற்கான சின்னம் இருக்கிறது. நான்கு கைகள் இலங்கை வரைபடத்தைத் தாங்கியிருக்கும். வடக்கிலிருந்து ஒரு பூ மலர்ந்திருக்கும்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

புல்டோசர் பக்கத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, "பதினைந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் நிழல் தேடி பஸ் பக்கம் நின்றோம். பிள்ளைகள் பிள்ளைகள்தானே. ஒருவன் குண்டு எறிவது போல நிற்க, மற்றவன் விழுவது போல நடிக்க, இன்னொருவன் வீடியோ எடுக்க, ஒரே சிரிப்பு. பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் எங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வீதியோரம் ஒரு தமிழ் அம்மா பனங்கிழங்கும் ஒடியலும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரிடம் வாங்கப் போனபோது அவர் காசை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பியவை, அங்க நிண்டு சிரிக்காதேங்கோ. மேல ஏறினவனும் ஒரு பிள்ளை. உள்ளுக்க இருந்ததும் ஆரோ பெத்த பிள்ளைதானே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார்.

பிள்ளைகள் முகம் சுருங்கி பஸ்ஸுக்கு வந்தார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை, நாங்கள். பலகையில் இருந்ததை வாசித்துக் காட்டினோம். திகதி சொன்னோம், தண்ணீர்க் கதை சொன்னோம். ஆனால் அந்த இரும்புக்குள்ளும் ஆட்கள் இருந்து செத்தார்கள் என்பதை நாங்கள் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கே அது தோன்றவில்லை.

பஸ் இயக்கச்சியைத் தாண்டும்போது தரம் 10 மாணவன் ஒருவன் எழுந்து வந்தான். அவனுடைய உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத்தெருவிலிருந்து வந்தவர். கேட்டான்: "ஸேர், இந்தச் சண்டையில நாங்க எந்தப் பக்கம்?"

ஆறு ஆசிரியர்கள் இருந்தோம். ஒருவரிடமும் பதில் இல்லை. "ராவைக்குப் பேசுவோம் மகன்" என்று அனுப்பிவிட்டோம்.

பளையைத் தாண்டி முகமாலை. 2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது இங்கேதான் சோதனைச் சாவடி இருந்தது. 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடப்பட்டது. வருடக்கணக்கில் இரு தரப்பும் முகத்துக்கு முகம் நின்ற இடம். மண் முழுக்க மிதிவெடி. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பிள்ளைகள் ஜன்னலால் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழங்காலில் நின்று சாண் சாணாகத் தோண்டிய மண் அது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கோட்டையைப் பார்த்தோம். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1990இல் மீண்டும் முற்றுகை. நூலகத்தைப் பார்த்தோம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, திருத்திக் கட்டப்பட்ட கட்டடம். பிறகு சோனகத்தெருவுக்குப் போனோம்.

அதைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறு என்று சொல்லப்பட்ட நாள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் ஒரு பகுதி என்று வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட நம்மவர்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் பஸ்ஸில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

சோனகத்தெருவில் சண்டை நடந்த சின்னம் ஒன்றும் இல்லை. பலகையும் இல்லை. திரும்பி வந்து குடியேறிய சில குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். ஒஸ்மானியாவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் சில வளவுகளில் கூரை இல்லாத சுவர்களுக்குள் மரம் முளைத்திருக்கிறது. அந்த மாணவன் உம்மம்மா சொன்ன அடையாளத்தை வைத்து வளவைக் கண்டுபிடித்துவிட்டான். "கிணறு நல்ல தண்ணிக் கிணறு, அதில இப்பவும் தண்ணி இருக்குதா எண்டு பார்த்துச் சொல்லு" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

கிணறு இருந்தது. கல்லும் குப்பையும் போட்டு நிரப்பியிருந்தது. பையன் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போன் எடுத்து, "உம்மம்மா, தண்ணி இருக்கு. நல்லா இருக்கு" என்றான். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு தங்கிய இடத்தின் மண்டபத்தில் எல்லோரையும் இருத்தி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றோம். சரியான பதில் தெரிந்து சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த வேறொரு யுத்தகளத்திலிருந்து தொடங்கினோம்.

எங்களில் இருவர் சில வருடங்களுக்கு முன் உம்றா போனவர்கள். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் உஹது மலை. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்குவார்கள். பேரீச்சம்பழமும் அத்தரும் விற்பவர்கள், சின்னஞ்சிறு அம்பெய்தோர் மலையில் ஏறி இறங்கும் கூட்டம், பக்கத்தில் வேலியடைத்த ஒரு மண்ணறைத் திடல். அங்கே ஷுஹதாக்கள் அடங்கியிருக்கிறார்கள். சிலை இல்லை, தூண் இல்லை.

ஹிஜ்ரி 3இல் அங்கே நடந்தது நமக்குத் தெரியும். மக்காவிலிருந்து 3,000 பேர். மதீனாவிலிருந்து புறப்பட்ட 1,000 பேரில் 300 பேர் அப்துல்லாஹ் இப்னு உபையோடு திரும்பிவிட, மிஞ்சியது 700. மலையில் நிறுத்திய 50 அம்பெய்வோருக்கு, என்ன நடந்தாலும் இடத்தை விட்டு இறங்காதீர்கள் என்று கட்டளை. வெற்றி வந்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலானோர் இறங்கினார்கள். காலித் இப்னு வலீத் குதிரைப் படையோடு பின்னால் சுற்றி வந்தார். 70 பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்கள் காயப்பட்டார்கள். ஹம்ஸா (ரழி) கொல்லப்பட்டார்கள். முஸ்அப் (ரழி) அவர்களைக் கபனிட ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. கடைசியில் காலுக்குப் புல் போட்டு அடக்கினார்கள்.

பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொன்னோம்.

முதலாவது, உஹது நாம் வென்ற இடம் இல்லை. நம் தவறால் அடிபட்ட இடம். அந்தத் தவறு மறைக்கப்படவில்லை. ஆலஇம்ரான் சூராவில் குர்ஆனே அதைப் பேசுகிறது, கியாம நாள் வரை நாம் ஓதிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, அன்று எதிரில் நின்ற காலித் பின்னர் இஸ்லாத்துக்கு வந்து நம் தளபதியானார். ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷியும் வந்தார். அந்தக் களத்தில் நின்றவர்களை இவன் நம் ஆள், அவன் எதிரி என்று என்றைக்குமாக எழுதி வைத்திருந்தால், நம் வரலாற்றிலேயே பல பக்கங்கள் இல்லாமல் போயிருக்கும்.

மூன்றாவது, நபி (ஸல்) அவர்கள் எட்டு வருடங்களுக்குப் பிறகும் உஹது ஷஹீத்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். யுத்தகளத்துக்குப் போவது இறந்தவர்களுக்காக. படம் பிடிக்க அல்ல.

அதற்குப் பிறகுதான் பையனின் கேள்விக்கு வந்தோம். "மகன், நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். நமக்கு அடி விழுந்தது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேல் மௌத்து. அதே மாதம் ஏறாவூர். ஒக்டோபரில் உன் உம்மம்மா. அதை மறக்கத் தேவையில்லை. ஆனால் படையிலும் பொலிஸிலும் நம்மவர்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் இயக்கங்களிலும் நம்மவர்கள் சிலர் இருந்தார்கள். கிழக்கில் தமிழ்க் கிராமங்களில் நடந்த சில கொடுமைகளில் நம்மவரின் ஊர்காவல் படைப் பெயரும் சொல்லப்படுகிறது. அதை நாம் வீட்டில் பேசுவதில்லை."

மண்டபம் அமைதியாக இருந்தது. எங்களில் ஒரு டீச்சருக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடிக்கவில்லை. பிறகு வெளியே வந்து, "பிள்ளைகளுக்கு இது தேவையா?" என்று கேட்டார். அம்பெய்தோர் மலைக் கதையை ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம், நம் காலத்துக் கதையில் மட்டும் நம் தவறை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று கேட்டோம். அவர் இன்றுவரை எங்களோடு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் இங்கே எழுதுவதுதான் நேர்மை.

திரும்பி வரும்போது கிளிநொச்சி கனகபுரத்தில் பஸ்ஸை நிறுத்தினோம். அங்கே புலிகளின் துயிலும் இல்லம் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு கல்லறைகள் இடித்துத் தள்ளப்பட்டன. உடைந்த கற்களைப் பிறகு மக்கள் கூட்டிக் குவித்தார்கள். நவம்பர் 27இல் தாய்மார் வந்து விளக்கேற்றுகிறார்கள். இதற்குத்தான் சிலர் எங்களோடு கோபப்படுகிறீர்கள். நாங்கள் பத்து நிமிடம் நின்றோம். யாரையும் புகழவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொன்னோம்: "நேற்றுப் பார்த்த இடத்தில் கல் நிமிர்ந்து நின்றது, இங்கே உடைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் முன்னால் வந்து அழுபவர் உம்மாதான்." சோனகத்தெருக் கிணற்றைப் பார்த்த பையன் அங்கே குனிந்து ஒரு கல்லில் இருந்த எழுத்தை வாசிக்கப் பார்த்தான். பாதி எழுத்துத்தான் இருந்தது. எழுந்து வந்து, "ஸேர், இவன்தான் எங்கட உம்மம்மாவ விரட்டினவனா இருக்கும்" என்றான். பிறகு, "இல்லாமலும் இருக்கும்" என்றான். நாங்கள் சொல்ல நினைத்ததை அவன் எங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

பெற்றோர்களே, இதுதான் எங்கள் விளக்கம். நாங்கள் யாருடைய கட்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

விடுமுறைக்கு வடக்குக்குப் போக இருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

1. நினைவுச் சின்னம் எதுவானாலும் அது ஒருவரின் கப்று போல என்று நினைத்து இறங்குங்கள். ஏறி நின்று படம், நடிப்பு வீடியோ வேண்டாம். பிள்ளைகளுக்கு இறங்குமுன்னே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டு அவமானப்பட்டோம்.

2. பலகையில் இருப்பது கட்டியவரின் கதை. அதை வாசியுங்கள். பிறகு அதில் யார் இல்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

3. முகமாலைப் பக்கம் வீதியை விட்டு இறங்காதீர்கள். சிவப்புப் பலகையைக் கண்டால் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

4. சாப்பாட்டுப் பார்சலை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போய் குப்பையை அங்கே போட்டு வராதீர்கள். வீதியோரம் விற்பவர்களிடம் ஏதாவது வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு கிடைத்தது.

5. உங்கள் வீட்டில் 1990ஐக் கண்ட உம்மம்மா, வாப்பப்பா இருந்தால் போகுமுன் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் இருத்திக் கதை கேட்க வையுங்கள். அவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அந்தப் பனங்கிழங்கு அம்மா இதை வாசிக்க மாட்டார். வாசித்தால், அன்று சிரித்த பிள்ளைகள் அடுத்த நாள் அதே இடத்தைத் தாண்டும்போது பாட்டை நிறுத்தினார்கள் என்று சொல்ல ஆசை. நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை.

அல்லாஹ் இந்த நாட்டில் இனியொரு யுத்தத்தை எங்கள் பிள்ளைகளின் கண்ணில் காட்டாமல் காப்பானாக. ஆமீன்.

உங்கள் குடும்பத்திலும் இப்படியான கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், மரியாதையாகப் பேசிக்கொள்வோம்.